உள்ளேயே கட்டுவதா, மாட்யூலாக விடுவதா? லினக்ஸ் கெர்னல் கம்பைல் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலை, அதாவது அந்த இயங்குதளத்தின் மையக் கருவை, மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கம்பைல் செய்ய உட்காரும் எவரும் முதல் அரைமணி நேரத்திலேயே திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. மெனுகான்ஃபிக் என்ற அமைப்புத் தேர்வுத் திரையில், வன்பொருளை இயக்கும் ஒவ்வொரு டிரைவருக்கும் முன்னால் ஒரு கோண அடைப்பு. அதற்குள் நட்சத்திரமா, எம் என்ற எழுத்தா, வெற்றிடமா? ஆயிரக்கணக்கான முறை இதே கேள்வி. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கெர்னல் கட்டி, அதில் பலமுறை கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் கேட்டவையும் நானே தலையைச் சொறிந்தவையுமாகச் சில கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

அந்த மூன்று குறிகளுக்கும் என்ன பொருள்?

நட்சத்திரம் போட்டால் அந்த டிரைவர் கெர்னல் படிமத்துக்குள்ளேயே போய்விடும். பூட் ஆகும்போது கெர்னலோடு சேர்ந்தே நினைவகத்தில் ஏறும், பிறகு இறங்காது. எம் போட்டால் மாட்யூல் என்ற தனிக் கோப்பாக, .கேஓ என்ற வாலோடு, /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் கெர்னல் பதிப்பின் பெயரில் உள்ள உட்பிரிவில் கிடக்கும். தேவைப்படும்போது ஏற்றலாம், இறக்கலாம். வெற்றிடம் என்றால் அந்த நிரல் கம்பைலே ஆகாது.

சதுர அடைப்பு வந்தால் அங்கே எம் கிடையாது; உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நினைவக மேலாண்மை, எந்த நிரல் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் போன்றவற்றைப் பாதி வழியில் கழற்றி மாட்ட முடியாது. இருபுறமும் சிறு கோடு போட்ட நட்சத்திரம் தெரிந்தால், வேறொரு தேர்வு அதைக் கட்டாயமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கையில் இல்லை.

எதை உள்ளே வைக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். அதுதான் அந்த ஒரு வரி.

மாட்யூல் கோப்புகள் இருப்பது வட்டில். வட்டைப் படிக்க ஒரு டிரைவர் வேண்டும். அந்த டிரைவரே மாட்யூலாக, அதே வட்டில் இருந்தால் கெர்னல் எங்கே போய் எடுக்கும்? ஆகவே ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்க வேண்டியது, "நீ வேகமா, சிறியவனா" என்பதை அல்ல; "ரூட் ஃபைல்சிஸ்டம் திறப்பதற்கு முன் தேவைப்படுவாயா, பின்னா?" என்பதை. ரூட் ஃபைல்சிஸ்டம் என்பது கணினியின் கோப்புகள் எல்லாம் தொடங்கும் தலைமைக் கோப்பமைப்பு. முன் என்றால் உள்ளே. பின் என்றால் பெரும்பாலும் எம் போதும். உங்கள் கணினியில் என்றுமே இருக்கப்போவதில்லை என்றால் வெற்றிடம்.

உபுண்டு, டெபியன் எல்லாம் எல்லாவற்றையும் மாட்யூலாகத்தானே வைத்திருக்கின்றன? அவை எப்படி பூட் ஆகின்றன?

இனிட்ராம்எஃப்எஸ் இருப்பதால். கணினி எழும்போது முதலில் ஓடும் பூட்லோடர், கெர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றும் ஒரு சிறு மூட்டை அது. சிபிஐஓ என்ற கோப்புத்தொகுப்பு வடிவில் கட்டிச் சுருக்கியிருப்பார்கள். கட்டுச்சோற்று மூட்டை மாதிரி: ஊர் போய்ச் சேரும்வரை தேவையான மாட்யூல்களும் சில கருவிகளும் அதற்குள் இருக்கும். கெர்னல் அதைப் பிரித்து, வட்டு டிரைவரை ஏற்றி, உண்மையான ரூட்டைக் கண்டுபிடித்து அதற்கு மாறிவிடும்.

டிஸ்ட்ரோக்காரர்களுக்கு, அதாவது உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்புகளைத் தருபவர்களுக்கு, வேறு வழியும் இல்லை. உங்கள் வீட்டில் என்விஎம்இ வட்டா, சாட்டாவா, எங்கோ ஒரு சர்வர் அறையில் பல வட்டுகளைச் சேர்த்தாளும் ரெய்ட் கார்டா என்பது அவர்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் உள்ளே திணித்தால் கெர்னல் ஊதிப்போகும். உங்களுக்கோ உங்கள் கணினி தெரியும். சொந்தமாகக் கட்டுவதில் உள்ள ஒரே உண்மையான வசதி அதுதான் என்பேன்.

இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் செய்ய ஆசை. எவற்றுக்கு நட்சத்திரம் போட வேண்டும்?

சங்கிலி ஒரு கண்ணிகூட அறக்கூடாது. பாகங்களை இணைக்கும் பிசிஐ தடம் (பஸ்), அதன் மேல் வட்டுக் கட்டுப்படுத்தி, அதன் மேல் வட்டு, பிறகு பார்ட்டிஷன் அட்டவணை வகை, கடைசியில் ஃபைல்சிஸ்டம். என்விஎம்இ என்றால் அதன் பிளாக் டிரைவர். சாட்டா என்றால் ஏஹெச்சிஐ என்ற கட்டுப்படுத்தி டிரைவர் மட்டும் போதாது. ஸ்கஸி வட்டு ஆதரவும் வேண்டும். சாட்டா வட்டுகூட லினக்ஸில் ஸ்கஸி வழியாகத்தான் எஸ்டிஏ என்று தோன்றும். இதை மறந்துவிட்டு ஏஹெச்சிஐயை மட்டும் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். மெய்நிகர் கணினி என்றால் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் வன்பொருளின் பிசிஐ, பிளாக் டிரைவர்கள் இரண்டும். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல மடிக்கணினிகளில் பயோஸில் விஎம்டி என்ற வட்டு மேலாண்மை வசதி இயங்கிக்கொண்டிருக்கும். விஎம்டி டிரைவர் இல்லையென்றால் என்விஎம்இ வட்டு கெர்னலின் கண்ணுக்கே படாது.

இரண்டு எச்சரிக்கைகள். வட்டு மறையாக்கம் செய்திருந்தால், அல்லது வட்டிடத்தை வால்யூம்களாகப் பிரித்தாளும் எல்விஎம்மின் மேல் ரூட் இருந்தால், எல்லா டிரைவரையும் உள்ளே வைத்தாலும் பொதுவாக இனிட்ராம்எஃப்எஸ் தேவைதான். கடவுச்சொல்லைக் கேட்கவும் வால்யூம்களைத் தேடிக் கட்டவும் கெர்னலுக்கு வெளியே ஒரு நிரல் ஓட வேண்டும். மறையாக்கம் செய்தவர்கள் யூஎஸ்பி விசைப்பலகையின் டிரைவரும் அந்த மூட்டையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் கேட்டு நிற்கும் திரைமுன் வேலை செய்யாத விசைப்பலகையோடு உட்கார்ந்திருப்பது போன்ற அவமானம் வேறில்லை.

இரண்டாவது, ரூட் எது என்று கெர்னலுக்குச் சொல்லும் விதம். "ரூட்=யூயூஐடி" என்று ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்ணைக் கொடுப்பது நமக்குப் பழக்கம். அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ள கருவிகள். கெர்னலுக்கு அது தெரியாது. அதற்குத் தானாகத் தெரிவது பார்ட்யூயூஐடி, அதாவது பார்ட்டிஷனின் அடையாள எண். இனிட்ராம்எஃப்எஸ்ஸை எடுத்துவிட்டால் இதையும் மாற்றியாக வேண்டும்.

"ரூட்டை ஏற்ற முடியவில்லை, அன்நோன்-பிளாக்" என்று கெர்னல் தொடர முடியாமல் பேனிக் ஆகி நிற்கிறது. என்ன செய்ய?

பதறாமல் அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் படியுங்கள். நோய் எங்கே என்று அவையே சொல்லிவிடும்.

(0,0) என்றால் ரூட் சாதனத்தையே கெர்னல் பார்க்கவில்லை. வட்டுக் கட்டுப்படுத்தியின் டிரைவர் உள்ளே இல்லை, அல்லது மேலே சொன்ன யூயூஐடி குழப்பம், அல்லது பூட்லோடர் இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கொடுக்கவில்லை. (8,1), (259,2) மாதிரி ஏதாவது எண் வந்தால் வட்டு கிடைத்துவிட்டது. 8 என்பது எஸ்டிஏ குடும்பம், என்விஎம்இ பார்ட்டிஷன்களில் 259 வரும். அப்போது சந்தேகப்பட வேண்டியது ஃபைல்சிஸ்டத்தை. எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் எம்மாக நின்றுவிட்டிருக்கும்.

பேனிக் வரிக்குச் சற்று மேலே, கெர்னல் தான் கண்ட பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டிருக்கும். அது வெறுமையாக இருந்தால் முதல் வகை நோய். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரையைப் பதிவாகச் சேமிக்க வட்டு இல்லை அல்லவா.

நட்சத்திரம் போடப் பார்க்கிறேன். எம் தாண்டி நகர மறுக்கிறது. மெனுகான்ஃபிக் பழுதா?

இல்லை. மாட்யூல் ஒன்றின் மேல் நிற்கும் எதுவும் கெர்னலுக்குள் போக முடியாது. அஸ்திவாரம் இன்னும் வந்து சேராத வீட்டுக்கு மாடி எப்படி? இன்டெல் வைஃபை டிரைவர் சிஎஃப்ஜி80211 என்ற பொது வைஃபை அடுக்கை நம்பியிருக்கிறது. அந்த அடுக்கு எம்மாக இருக்கும்வரை டிரைவருக்கும் எம்தான் உச்சவரம்பு. அடுக்கை நட்சத்திரமாக்குங்கள், டிரைவரும் தானே வழிவிடும்.

எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க, மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி டிரைவரின் பெயரைத் தேடுங்கள். எதைச் சார்ந்தது, அது இப்போது ஒய்யா எம்மா என்று பக்கத்திலேயே காட்டும். கான்ஃபிக் கோப்பை நேரடியாக எடிட்டரில் திறந்து எம்மை ஒய் என்று திருத்துவோர் உண்டு. அடுத்த முறை கம்பைல் கட்டளையான மேக் ஓடும்போது சார்புகளைக் கணக்குப் போட்டு, சத்தமில்லாமல் அதை மறுபடியும் எம் ஆக்கிவிடும். திருத்தினேனே, திருத்தினேனே என்று இரண்டு மணி நேரம் நானும் புலம்பியிருக்கிறேன்.

உள்ளே வைத்தால் வேகம் கூடுமா?

கணக்கில் கூடும், கையில் தெரியாது. எக்ஸ்86 64-பிட்டில் கெர்னலின் முதன்மைப் படிமம் நினைவகத்தின் 2 மெகாபைட் பெரும் பக்கங்களில் கிடக்கிறது. மாட்யூல்கள் பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களில். அதனால் முகவரி மாற்றத்துக்கான டிஎல்பி என்ற தற்காலிகச் சேமிப்பில் சிறு மிச்சம் உண்டு. ஒவ்வொரு மாட்யூலும் முழுப் பக்கங்களாக இடம் பிடிப்பதால் கொஞ்சம் நினைவகமும் வீணாகும். பூட் நேரத்தில் நூறு கோப்புகளைத் திறந்து, இணைத்து, கையொப்பம் சரிபார்ப்பது மிச்சமாகும். அங்கேதான் ஏதோ கொஞ்சம் உணரலாம்.

எதிர்த்தட்டில், உள்ளே வைத்த டிரைவர் மாட்டிக்கொண்டால் கழற்ற முடியாது. தூங்கி எழுந்த மடிக்கணினியில் வைஃபை செத்துக் கிடந்தால், மாட்யூல் என்றால் மாட்ப்ரோப் -ஆர் என்ற கட்டளையால் இறக்கி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். உள்ளே இருந்தால் பொதுவாக ரீபூட்தான். வேகத்துக்காக வைஃபையை உள்ளே வைப்பவரிடம் நான் வாதாடுவதில்லை. ஒரு மாதம் கழித்து அவரே எம்முக்கு வருவார்.

வைஃபை டிரைவரை உள்ளே வைத்த பிறகு "ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை -2" என்கிறது. ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இருக்கிறதே?

ஃபர்ம்வேர் என்பது சாதனத்துக்குள் ஓடும் நிரல்; டிரைவர்தான் அதை ஏற்றிவிட வேண்டும். கோப்பு இருக்கிறது, டிரைவர் கேட்ட நேரத்தில் வட்டு திறந்திருக்கவில்லை. -2 என்றால் "அப்படியொரு கோப்பு இல்லை". உள்ளே கட்டிய டிரைவர் ரூட் ஏறுவதற்கு முன்பே விழித்துக்கொண்டு ஃபர்ம்வேரைத் தேடுகிறது. மாட்யூலாக இருந்திருந்தால் ரூட் ஏறிய பிறகு சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் எழுப்பும், கோப்பும் கையில் கிடைக்கும். பழைய பெட்டிச் சாவிக் கதைதான், வேறு உருவத்தில்.

தீர்வு மூன்று. டிரைவரை எம் ஆக்குங்கள். அல்லது ஃபர்ம்வேரை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் போடுங்கள். டிரைவர்கள் எழும் முன்பே மூட்டை பிரிந்துவிடும். அல்லது கூடுதல் ஃபர்ம்வேர் என்ற அமைப்பில் கோப்பின் பெயரைக் கொடுத்துக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். மூன்றாவது வழிக்குச் சுருக்கப்படாத கோப்பு வேண்டும். இப்போது பல டிஸ்ட்ரோக்கள் ஃபர்ம்வேரை எக்ஸ்இசட் அல்லது இசட்எஸ்டி முறையில் சுருக்கியே தருகின்றன என்பதால் முதலில் விரிக்க வேண்டியிருக்கும். ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் பிழைச் செய்தியைப் படிக்கத் திரைகூட மிஞ்சாது.

மாட்ப்ரோப்.டி அடைவில் எழுதிய அமைப்பு எதுவும் எடுபடவில்லை.

டிரைவர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அடைவை வாசிப்பது மாட்ப்ரோப். உள்ளே கட்டிய டிரைவருக்கு மாட்ப்ரோப்போடு பேச்சுவார்த்தையே இல்லை. பூட் வரியில் டிரைவரின் பெயர், ஒரு புள்ளி, அமைப்பின் பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் மாட்யூலுக்கும் எடுபடும். அதனால் நான் எப்போதும் இதையே எழுதுகிறேன்.

பிளாக்லிஸ்ட் என்ற தடை வரியும் அப்படித்தான்: மாட்யூலை மட்டுமே தடுக்கும். அதுவும் முழுத் தடை அல்ல. வன்பொருளைப் பார்த்துத் தானாக ஏறுவதைத் தடுக்கும். இன்னொரு மாட்யூல் கையைப் பிடித்து அழைத்து வந்தால் உள்ளே வந்துவிடும். அடியோடு தடுக்க, இன்ஸ்டால் வரியில் அந்த மாட்யூலின் பெயரை எழுதி, எப்போதும் தோல்வியே தரும் /பின்/ஃபால்ஸைக் காட்டிவிடுங்கள்.

ஒரு டிரைவர் உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்எஸ்மாடில் காணோமே.

எல்எஸ்மாட் மாட்யூல்களை மட்டுமே காட்டும். மாட்இன்ஃபோ கேட்டால் கோப்பின் இடத்தில் "பில்ட்இன்" என்று வரும். மாட்யூல்ஸ் அடைவில் மாட்யூல்ஸ்.பில்ட்இன் என்ற கோப்பும் இருக்கிறது.

மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் நம்பலாமா?

நம்பலாம், பாதி. 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பிலிருந்து இருக்கும் வசதி இது. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது. இந்த நொடியில் எல்எஸ்மாடில் என்னென்ன ஏறியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை வெட்டிவிடும். டிஸ்ட்ரோ கான்ஃபிக்கோடு என் பழைய நான்கு கோர் மடிக்கணினியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் கம்பைல், இதற்குப் பிறகு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆபத்து "இந்த நொடியில்" என்பதில் இருக்கிறது. அன்று செருகாத பென் டிரைவ், அன்று இணைக்காத பிரிண்டர், அன்று இயக்காத விபிஎன் எல்லாம் காணாமல் போகும். நான் முதல்முறை ஓட்டி முடித்துப் பெருமையோடு ஒரு வாரம் கழித்து, அவசரமாக ஒரு பென் டிரைவைச் செருகினேன். விஃபேட் இருந்தது. ஆனால் "ஐஓ எழுத்துத் தொகுதி ஐஎஸ்ஓ8859-1 இல்லை" என்று சொல்லி மறுத்தது. ஃபேட் கோப்புப் பெயர்களைப் படிக்க எழுத்துக் குறிமுறை மாட்யூல்களும் தேவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே ஓட்டுவதற்கு முன்பு வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒருமுறை செருகி எடுங்கள்: பென் டிரைவ், வெளி வட்டு, கேமரா, புளூடூத் ஹெட்செட், கைப்பேசியை யூஎஸ்பியில் மாட்டி இணையப் பகிர்வு. ஐஎஸ்ஓ கோப்பொன்றை மவுன்ட் செய்யுங்கள். விபிஎன்னை இணையுங்கள். டாக்கர் பயன்படுத்தினால் ஒரு கன்டெய்னரை ஓட விடுங்கள். கன்டெய்னருக்கு வேண்டிய ஓவர்லே, பிரிட்ஜ், விஈத், ஃபயர்வால் விதிகளுக்கான நெட்ஃபில்டர் துண்டுகள் எல்லாம் அப்போதுதான் ஏறும். மாட்யூல் ஒருமுறை ஏறினால் நீங்களாக இறக்கும்வரை பட்டியலில் இருக்கும். லோக்கல்யெஸ்கான்ஃபிக் என்ற உடன்பிறப்பும் உண்டு. அது இவற்றையெல்லாம் நட்சத்திரமாக்கும். ஃபர்ம்வேர் சிக்கலைப் படித்த பிறகு அதை ஏன் நான் பரிந்துரைப்பதில்லை என்பது புரிந்திருக்கும்.

நேற்றுவரை வேலை செய்த பென் டிரைவ் அப்டேட்டுக்குப் பிறகு மவுன்ட் ஆகவில்லை. நான் கெர்னலைத் தொடவே இல்லை.

அப்டேட் தொட்டிருக்கிறது. ஆர்ச் போன்றவற்றில் புதிய கெர்னல் நிறுவப்படும்போது பழைய பதிப்பின் மாட்யூல் அடைவு நீக்கப்படும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கெர்னல். இதுவரை ஏறாத மாட்யூலைத் தேடினால் வீடே இல்லை. ரீபூட் செய்யுங்கள், தீர்ந்தது. விஃபேட், அதன் எழுத்துக் குறிமுறைகள், யூஎஸ்பி சேமிப்பு மூன்றையும் உள்ளே வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது.

இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான மெகாபைட் வந்து /பூட் நிரம்பிவிட்டது.

டிஸ்ட்ரோ கான்ஃபிக்கை நகலெடுத்திருப்பீர்கள்; அதில் பிழை தேடுவதற்கான டீபக் தகவல் இயங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாட்யூலும் அந்தச் சதையைச் சுமக்கிறது. மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் செய்யும்போது இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 என்று சேர்த்தால் போதும். அதே நகலெடுத்த கான்ஃபிக்கால் உபுண்டுவில் இன்னொன்றும் வரும்: "கனானிக்கல்-செர்ட்ஸ்.பெம் உருவாக்க வழி இல்லை" என்று கம்பைல் நிற்கும். அவர்களுடைய சான்றிதழ் கோப்பு உங்களிடம் இல்லை; நம்பகச் சாவிகள் என்ற அமைப்பையும் நீக்கப்பட்ட சாவிகள் என்ற அமைப்பையும் வெறுமையாக்குங்கள்.

பாதுகாப்புக்காக மாட்யூல் வசதியையே மூடிவிடலாமா?

சர்வரில் செய்யலாம், வன்பொருள் மாறாது, தேவை தெரியும். மடிக்கணினியில் சலிப்புத்தான் மிஞ்சும். என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் என்று கெர்னல் மரத்துக்கு வெளியே வளர்பவை வழக்கமாக மாட்யூலாகத்தான் வருகின்றன. என்விடியா 2022 மே மாதம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்துவிட்டபோதும் அவை மரத்துக்கு வெளியேதான் இருந்தன.

ஆனால் கேள்விக்குப் பின்னால் உள்ள கவலை நியாயமானது. 2017 பிப்ரவரியில் டிசிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது, பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2017-6074. சாதாரணப் பயனர் ஒரு சாக்கெட்டைத் திறந்தாலே அந்த மாட்யூல் தானாக ஏறிவிடும்; அதன் வழியே ரூட் எனும் நிர்வாகிப் பயனரின் அதிகாரம்வரை போக முடிந்தது. டிசிசிபியைப் பயன்படுத்தும் ஒருவரைக்கூட நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் டிஸ்ட்ரோ கெர்னல்களில் எம்மாகக் காத்துக்கிடந்தது. இப்படிப்பட்டவற்றுக்கு நட்சத்திரமும் வேண்டாம், எம்மும் வேண்டாம்; வெற்றிடம்தான் மருந்து.

இடைவழியும் உண்டு. எல்லாம் ஏறி முடிந்த பின் கெர்னல்.மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட் என்ற சிஸ்சிடிஎல்லை, அதாவது ஓடும் கெர்னலின் அமைப்பை, 1 ஆக்கினால் கதவு மூடிவிடும். ரீபூட்வரை ரூட்டால்கூடத் திறக்க முடியாது. 3.7 பதிப்பிலிருந்து கையொப்பமில்லாத மாட்யூலை மறுக்கும் வசதியும் இருக்கிறது.

ராஸ்பெர்ரி பை, ஆண்ட்ராய்டு போன்றவற்றில் எப்படி?

இரண்டு துருவம். பையில் பலகை ஒன்றே, வட்டு எஸ்டி கார்டுதான் என்று முன்பே தெரியும். கார்டு டிரைவரும் எக்ஸ்ட்4உம் உள்ளேயே இருப்பதால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே அது எழ முடியும். ஆண்ட்ராய்டோ 12ஆம் பதிப்பு, 5.10 கெர்னல் முதல் எதிர்த்திசையில் போனது. கூகுள் கட்டும் பொதுக் கெர்னல் எல்லாருக்கும் ஒன்று. சிப் தயாரிப்பாளர்களின் டிரைவர்கள் மாட்யூலாக வெளியே.

உங்கள் கணினியில் எது எப்படி இருக்கிறது?

என்விஎம்இ, எக்ஸ்ட்4, விஃபேட், அதன் எழுத்துக் குறிமுறைகள், யூஎஸ்பி சேமிப்பு, விசைப்பலகை: நட்சத்திரம். வைஃபை, புளூடூத், ஒலி, கிராஃபிக்ஸ், கேமரா: எம். இனிட்ராம்எஃப்எஸ் தேவையில்லை என்றாலும் வைத்திருக்கிறேன், வட்டு பழுதானால் உள்ளே போய்ப் பார்க்க ஒரு ஷெல் கிடைக்கும். பழைய கெர்னல் ஒன்று பூட்லோடரான க்ரப்பின் பட்டியலில் எப்போதும் இருக்கும். புதியது பத்து நாள் ஓடி, ஒருமுறையாவது தூங்கி எழுந்த பிறகே பழையதை அழிப்பேன்.